ஒரே செக்கனுக்குள் இரண்டு முறை சேமித்தால்: கிட்டில் கோப்பு நேரமுத்திரைகளைக் கையாளும் வழி

பஸ் கட்டணம் வைத்திருக்கும் ஒரு சின்னக் கோப்பு. உள்ளே 60 என்ற எண் மட்டும் இருக்கிறது. ஒரு ஸ்கிரிப்ட் அதை ‘கிட் ஆட்’ செய்கிறது, அதாவது பதிப்புகளைக் காக்கும் கிட் கருவியில் அடுத்த கமிட்டுக்காக (பதிவுக்காக) சேர்க்கிறது. அதே செக்கனுக்குள் ஸ்கிரிப்டின் அடுத்த வரி 60ஐ 70 ஆக்கிவிடுகிறது. கோப்பின் அளவு அப்படியே இருக்கிறது. செக்கன் கணக்கில் பார்த்தால் நேரமும் அப்படியே. கோப்பு மாறிவிட்டது என்பதை கிட் எதை வைத்துக் கண்டுபிடிக்கும்?

ஒவ்வொரு தடவையும் எல்லாக் கோப்புகளையும் திறந்து படித்தால் கண்டுபிடிக்கலாம். ஆனால் ஐம்பதாயிரம் கோப்புள்ள ரெப்போவில் (கிட் கவனிக்கும் கோப்புறையில்), எது மாறியது என்று காட்டும் ‘கிட் ஸ்டேட்டஸ்’ நிமிடக் கணக்கில் ஓடும். ஆகவே கிட், மேர்க்கூரியல், சப்வேர்ஷன் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாமே முதலில் நேரத்தையும் அளவையும் பார்க்கின்றன, சந்தேகம் வந்தால்தான் உள்ளடக்கத்தைப் படிக்கின்றன. நேரம் வேறாக இருந்தால் கோப்பைத் திறந்து பார்க்க வேண்டும் என்று அர்த்தம். நேரம் ஒன்றாக இருப்பதை வைத்து கோப்பு மாறவில்லை என்று முடிவுகட்ட முடியாது. கீழே வரும் பிழைகளில் மோசமானவை எல்லாம் இந்த இரண்டாவது விடயத்தை யாரோ மறந்ததால் வருபவை.

கட்டளைகளையும் அமைப்புகளின் பெயர்களையும் இங்கே ஒலிப்படி தமிழில் தருகிறோம். டெர்மினலில் அவற்றை வழமையான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

கிட் எதைக் குறித்துவைக்கிறது

கமிட்டுக்குள் கோப்பின் நேரம் போவதில்லை. உள்ளடக்கம், பெயர், இயக்கலாமா என்ற ஒரு குறி, அவ்வளவுதான். கமிட்டில் இருக்கும் நேரம் கமிட் செய்தவருடைய நேரம். அதுவும் முழுச் செக்கன்களில்தான் இருக்கும், பக்கத்தில் நேர வலயம் நிற்கும். கொழும்பில் செய்த கமிட்டில் +0530 என்று வருவது அதனால்தான்.

கோப்பு நேரங்கள் இருப்பது ‘.கிட்’ கோப்புறைக்குள் உள்ள இன்டெக்ஸில், அதாவது கிட் கவனிக்கும் கோப்புகளின் பட்டியலில். அது உங்கள் கணினிக்கு மட்டுமே உரியது, புஷ் செய்தால் போகாது. ஒவ்வொரு கோப்புக்கும் எம்டைம் (உள்ளடக்கம் கடைசியாக மாறிய நேரம்), சிடைம் (ஐநோட், அதாவது வட்டில் கோப்பைப் பற்றி இருக்கும் விபரப் பதிவு, கடைசியாக மாறிய நேரம்), டிவைஸ் எண், ஐநோட் எண், உரிமையாளர் எண், குழு எண், அளவு ஆகியவை அதில் பதியப்படுகின்றன. இரு நேரங்களும் செக்கன் ஒரு 32 பிட் எண்ணாகவும், நனோசெக்கன் இன்னொரு 32 பிட் எண்ணாகவும் நிற்கும். ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --டீபக்’ கொடுத்தால் இவற்றை நேரே பார்க்கலாம்:

சிடைம்: 1760000000:482913377
எம்டைம்: 1760000000:482913377
அளவு: 3

1760000000 என்பது கொழும்பு நேரப்படி 2025 ஒக்டோபர் 9, பிற்பகல் 2:23:20. முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பது நனோசெக்கன். இவ்வளவு நுணுக்கமாகப் பதிந்திருப்பதைப் பார்த்து, ஒப்பிடுவதும் அதே நுணுக்கத்தில்தான் என்று பலர் நம்பிவிடுகிறார்கள். அப்படியில்லை. ‘யூஸ்_என்செக்’ என்ற தெரிவோடு கம்பைல் செய்யப்படாத கிட், நனோசெக்கனை எழுதிவைக்கும், ஆனால் ஒப்பிடும்போது செக்கனை மட்டுமே பார்க்கும். மூலநிரலின் இயல்புநிலையில் இந்தத் தெரிவு அணைந்தே இருக்கிறது.

அப்படியானால் 60, 70 கதை என்னவாகும்? கிட்டின் ஆவணங்களில் இதற்கு ‘ரேசி கிட்’ என்று பெயரே உண்டு. தீர்வு எளிமையானது, அழகானதும்கூட: கிட் தன் இன்டெக்ஸ் கோப்பின் எம்டைமையும் பார்க்கிறது. ஒரு கோப்பின் பதிவான எம்டைம், இன்டெக்ஸ் எழுதப்பட்ட நேரத்துக்குச் சமமாகவோ அதற்குப் பிந்தியதாகவோ இருந்தால் அந்தப் பதிவை நம்பாது, கோப்பைத் திறந்து உள்ளடக்கத்தை ஒப்பிடும். இன்டெக்ஸைத் திரும்ப எழுத நேர்ந்தால், அப்படிச் சந்தேகத்துக்கிடமான பதிவுகளில் உண்மையிலேயே மாறியிருப்பவற்றின் அளவை 0 என்று எழுதிவைக்கும். அடுத்த முறை அளவு பொருந்தாது, ஆகவே தப்பவிடாது.

கண்ணால் பார்க்க ஒரு சோதனை

லினக்ஸில், இஎக்ஸ்டி4 வட்டில் செய்யுங்கள்.

1. வெறும் கோப்புறை ஒன்றில் ‘கிட் இனிட்’ கொடுங்கள்.
2. மூன்று கட்டளைகளையும் ‘&&’ போட்டு ஒரே வரியில் ஓட விடுங்கள்: 60 என்று கோப்பில் எழுது, ‘கிட் ஆட்’ செய், அதே கோப்பில் 70 என்று மேலெழுது. எண்ணும் வரி முறிவும் சேர்ந்து இரண்டு தடவையும் அளவு 3 பைட்.
3. ‘கிட் ஸ்டேட்டஸ் --ஷோர்ட்’ கொடுங்கள். கோப்பின் முன்னால் ‘ஏ’, ‘எம்’ என்று இரண்டு எழுத்துகளும் வரவேண்டும். சேர்த்தபின் மாறியிருக்கிறது என்று கிட் கண்டுபிடித்துவிட்டது.
4. இப்போது ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் --டீபக்’ பாருங்கள். அளவு 0 என்று நிற்கும். மேலே சொன்ன குறி இதுதான்.

இனி பாதுகாப்பை உடைப்போம். இன்னொரு புதிய கோப்புறையில் 1, 2ஐ மட்டும் செய்யுங்கள், ஸ்டேட்டஸ் கொடுக்க வேண்டாம். இரண்டு செக்கன் பொறுத்து, ‘.கிட்’ உள்ளே இருக்கும் இன்டெக்ஸ் கோப்பின் மேல் கோப்பின் நேரத்தை இந்தக் கணத்துக்கு மாற்றும் ‘டச்’ கட்டளையை ஓட்டுங்கள். அதற்குப் பிறகு ஸ்டேட்டஸ் பாருங்கள்: ‘ஏ’ மட்டும்தான் வரும். கோப்பில் 70 இருக்கிறது, கிட்டோ 60 என்று நம்பிக்கொண்டு ‘மாற்றமில்லை’ என்கிறது. இன்டெக்ஸின் நேரம் கோப்பின் நேரத்தைவிடப் பிந்தியதாகிவிட்டதால் சந்தேகப்பட அதற்குக் காரணமே இல்லாமல் போய்விட்டது. (நடுவில் செக்கன் மாறிவிட்டால் இந்த விளைவு வராது. இன்னொரு முறை முயலுங்கள்.)

யாரும் வேண்டுமென்று இன்டெக்ஸை ‘டச்’ செய்வதில்லை, உண்மைதான். ஆனால் நேரத்தைக் காக்காமல் ‘.கிட்’ கோப்புறையை மட்டும் பிரதியெடுத்து மீட்கும் பேக்கப், மேகச் சேமிப்போடு கோப்புறையை ஒத்திசைக்கும் செயலி, சிஐ (தானாகப் பில்ட், டெஸ்ட் ஓட்டும் அமைப்பு) கேஷிலிருந்து இன்டெக்ஸைத் திருப்பிவைக்கும் ஸ்கிரிப்ட் ஆகியவை நடைமுறையில் செய்வது இதே வேலையைத்தான்.

ஒரு குறிப்பிட்ட கோப்பில் சந்தேகம் வந்தால் ஸ்டேட்டஸை நம்பாமல் நேரே சரிபாருங்கள்: ‘கிட் ஹாஷ்-ஒப்ஜெக்ட் கோப்புப்பெயர்’ தரும் ஹாஷும் (உள்ளடக்கத்திலிருந்து கணிக்கும் அடையாள எண்), ‘கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -எஸ் கோப்புப்பெயர்’ காட்டும் ஹாஷும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்து, ஸ்டேட்டஸும் மௌனமாக இருந்தால், பிடித்துவிட்டீர்கள். திருத்துவதற்குக் கோப்பை ‘டச்’ செய்தால் போதும். எம்டைம் மாறும், கிட் மறுபடி படிக்கும். முழு ரெப்போவிலும் சந்தேகம் என்றால் இன்டெக்ஸை அழித்துவிட்டு ‘கிட் ரீசெட்’ கொடுங்கள். எல்லாம் புதிதாகப் படிக்கப்படும். ஆனால் கமிட்டுக்காகச் சேர்த்துவைத்த தெரிவுகள் போய்விடும். பாதிக் கோப்பை மட்டும் தெரிவுசெய்து வைத்திருக்கிறவர்கள் அதை முதலில் கமிட் செய்துவிடுவது நல்லது. ‘--ரியலி-ரிஃப்ரெஷ்’ என்ற தெரிவின் பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம். ‘மாறவில்லை என்று எடுத்துக்கொள்’ என்று குறித்த கோப்புகளையும் அது சேர்த்துப் பார்க்கும், அவ்வளவுதான். நேரமும் அளவும் பொருந்தினால் உள்ளடக்கத்தைப் படிக்காது.

உங்கள் வட்டு எவ்வளவு நுணுக்கம்

வட்டில் கோப்புகளை ஒழுங்குபடுத்தும் வடிவத்தைப் பொறுத்தது இது. ஃபேட்32 வடிவத்தில் எம்டைம் 2 செக்கனுக்கு ஒருமுறைதான் நகரும், அதுவும் உள்ளூர் நேரத்தில் பதியும். எக்ஸ்ஃபேட் 10 மில்லிசெக்கன். என்டிஎஃப்எஸ் 100 நனோசெக்கன். பழைய மக் கணினிகளின் எச்எஃப்எஸ்+ 1 செக்கன், அதற்குப் பின் வந்த ஏபிஎஃப்எஸ் 1 நனோசெக்கன். இஎக்ஸ்டி3 1 செக்கன். இஎக்ஸ்டி4, ஐநோட் 256 பைட்டாக இருந்தால் 1 நனோசெக்கன். 128 பைட் ஐநோட்டோடு உருவாக்கியதாக இருந்தால் அதுவும் 1 செக்கனே. எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ் இரண்டும் 1 நனோசெக்கன்.

மனப்பாடம் செய்யத் தேவையில்லை, அளந்து பார்க்கலாம். ஒரு கோப்பை ‘டச் -டி’ (-d) கொண்டு, செக்கன் ஒற்றை எண்ணாகவும் பின்னம் .123456789 ஆகவும் உள்ள ஒரு நேரத்துக்கு அமையுங்கள். உடனே ‘ஸ்டாட்’ கொண்டு படியுங்கள். ஒன்பது இலக்கமும் திரும்பி வந்தால் 1 நனோசெக்கன். .123456700 என்று வந்தால் 100 நனோசெக்கன். பின்னம் முழுதும் பூச்சியமானால் 1 செக்கன். செக்கனே இரட்டை எண்ணாகிவிட்டால் கையில் இருப்பது ஃபேட். வலையமைப்பு வட்டிலும் டொக்கரில் மவுன்ட் செய்த கோப்புறையிலும் இதைக் கட்டாயம் செய்யுங்கள். நடுவில் இருக்கும் அடுக்கு எதை வெட்டுகிறது என்பது வெளியிலிருந்து தெரியாது.

இந்தச் சோதனை சொல்வது எவ்வளவு நுணுக்கமாக எழுதிவைக்க முடியும் என்பதை. எவ்வளவு அடிக்கடி நேரம் மாறும் என்பது வேறு கேள்வி. லினக்ஸ் கர்னல் கோப்புக்கு நேரமிடும்போது தன் டிக் கடிகாரத்தைப் பாவிக்கிறது. 250 ஹேர்ட்ஸில் ஓடும் கர்னலில் அது 4 மில்லிசெக்கனுக்கு ஒருமுறைதான் நகரும், 100 ஹேர்ட்ஸ் என்றால் 10 மில்லிசெக்கன். அந்த இடைவெளிக்குள் இரண்டு முறை எழுதினால் ஒன்பது இலக்கமும் அச்சொட்டாக ஒன்றாகவே இருக்கும். ஒரு லூப்பில் ஆயிரம் கோப்புகளை உருவாக்கி, எத்தனை வேறுபட்ட நேரங்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். 2025 ஜனவரியில் வந்த லினக்ஸ் 6.13, இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ், பிடிஆர்எஃப்எஸ், டிஎம்பிஎஃப்எஸ் ஆகியவற்றில் இதைத் திருத்துகிறது: யாராவது நேரத்தைக் கேட்டுப் படித்திருந்தால், அதற்குப் பின் வரும் மாற்றத்துக்கு நுணுக்கமான நேரம் இடும். ஆகவே, நனோசெக்கன் ஒப்பீட்டை இயக்கிவிட்டோம், இனிப் பிரச்சினை இல்லை என்று 6.12இலோ அதற்கு முந்திய கர்னலிலோ இருந்துகொண்டு சொல்ல முடியாது.

ஒரே ரெப்போவை இரண்டு பக்கமிருந்து திறக்கும்போது

விண்டோஸ் கிட்டும் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸுக்குள் ஓடும் லினக்ஸ்) உள்ளிருக்கும் கிட்டும் ஒரே கோப்புறையைப் பார்க்கின்றன. அல்லது டெர்மினலில் கிட்டும் எக்லிப்ஸ் எடிட்டரில் ஜேகிட்டும் (ஜாவாவில் எழுதிய கிட்). இரண்டுக்கும் ஐநோட் எண், உரிமையாளர் எண், சிடைம் எல்லாம் ஒரே மாதிரித் தெரிவதில்லை. ஜேகிட் சில புலங்களை நிரப்புவதே இல்லை. ஒருவர் ஸ்டேட்டஸ் பார்த்தால் இன்டெக்ஸ் அவருடைய எண்களால் நிரம்பும். மற்றவர் வந்து பார்க்கும்போது ஒன்றும் பொருந்தாது, எல்லாக் கோப்பையும் மறுபடி படிக்கும். தரவு எதுவும் கெடுவதில்லை, நேரம்தான் போகிறது.

இதற்கு அந்த ரெப்போவில் மட்டும் இரண்டு அமைப்புகளை மாற்றலாம்: ‘கிட் கன்ஃபிக் கோர்.செக்ஸ்டாட் மினிமல்’, ‘கிட் கன்ஃபிக் கோர்.டிரஸ்ட்சிடைம் ஃபோல்ஸ்’. முதலாவதைப் போட்டால் ஐநோட், உரிமையாளர் போன்றவற்றை விட்டுவிட்டு முழுச் செக்கனையும் அளவையும் மட்டும் பார்க்கும். இரண்டாவது சிடைமை ஒதுக்கும். பேக்கப் மென்பொருளோ தேடல் மென்பொருளோ சிடைமை மாற்றிக்கொண்டே இருக்கும் கணினிகளில் இரண்டாவது மட்டுமே போதும்.

இவற்றுக்கு ஒரு விலை உண்டு. பழைய எம்டைமை அப்படியே வைத்துப் பிரதியெடுக்கும் ‘சிபி -பி’ போன்றவை, அதே அளவும் அதே எம்டைமும் உள்ள வேறு உள்ளடக்கத்தைக் கோப்பின் இடத்தில் வைத்துவிட்டால், அதைக் காட்டிக்கொடுப்பவை சிடைமும் ஐநோட்டும்தான். அந்த இரண்டையும் நீங்கள் அணைத்துவிட்டீர்கள். ஆகவே ‘--குளோபல்’ போட்டு எல்லா ரெப்போவுக்கும் இதைப் பரப்ப வேண்டாம். டபிள்யூஎஸ்எல் விடயத்தில் இன்னும் நல்ல வழி, ரெப்போவை டபிள்யூஎஸ்எல்லின் சொந்த வட்டுக்குள் வைத்து ஒரு பக்கத்து கிட்டை மட்டும் பாவிப்பது. வேகமும் கூடும்.

பென்டிரைவில் ரெப்போ

வெள்ளவத்தை வீட்டுக் கணினிக்கும் கோட்டை அலுவலகத்துக்கும் இடையில் ரெப்போவைப் பென்டிரைவில் கொண்டுதிரிகிறவர்கள் இன்னும் உண்டு. ஃபேட்32இல் இரண்டு செக்கன் நுணுக்கம் என்பது ஒரு பக்கம். அதைவிடத் தொல்லை தருவது ஐநோட்: ஃபேட்டில் நிலையான ஐநோட் எண் கிடையாது. லினக்ஸ் ஒவ்வொரு தடவை செருகும்போதும் புதிதாக எண் கொடுக்கிறது. ஆகவே ஒவ்வொரு முறை செருகியபின் வரும் முதல் ஸ்டேட்டஸ், எல்லாக் கோப்பையும் மெதுவான யுஎஸ்பி வழியாகப் படிக்கும். ‘செக்ஸ்டாட் மினிமல்’ இதைத் தணிக்கும். ஆனால் பென்டிரைவில் வேலை செய்யாதிருப்பதே சரி. அதில் ஒரு ‘பேர்’ ரெப்போவையோ, ‘கிட் பண்டில் கிரியேட்’ தரும் ஒற்றைக் கோப்பையோ வையுங்கள். இரண்டு கணினியிலும் சொந்த வட்டில் குளோன் வைத்து, பென்டிரைவிலிருந்து புல் செய்யுங்கள். பேர் ரெப்போவில் பணிக்கோப்புகளே இல்லை, ஆகவே ஒப்பிட நேரமும் இல்லை.

ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில்

விண்டோஸும் லினக்ஸும் ஒரே கணினியில் இருந்தால் இது அடிக்கடி தலைகாட்டும். மதர்போர்டின் கடிகாரத்தில் உள்ளூர் நேரம் இருப்பதாக விண்டோஸ் எடுத்துக்கொள்கிறது, லினக்ஸ் வழமையாக யுடிசி (உலகப் பொது நேரம்) என்று எடுத்துக்கொள்கிறது. கடிகாரத்தில் கொழும்பு நேரம் 14:00 இருந்தால், லினக்ஸ் அதை யுடிசி என்று படித்து 19:30 என்று காட்டும். இணையம் கிடைத்து நேரம் திருந்துவதற்குள் நீங்கள் சேமித்த கோப்புகள் எல்லாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் போய் நிற்கும்.

கிட்டுக்கு இது ஆபத்தில்லை. ஆனால் மேலே சொன்ன விதியை நினைவுபடுத்துங்கள்: கோப்பின் எம்டைம் இன்டெக்ஸைவிடப் பிந்தியிருந்தால் நம்பாது. ஆகவே அந்த ஐந்தரை மணி நேரம் கழியும்வரை ஒவ்வொரு ஸ்டேட்டஸும் அந்தக் கோப்புகளைத் திறந்து படிக்கும். காரணம் தெரியாமல் ஸ்டேட்டஸ் மெதுவானால் இதைப் பாருங்கள். பில்ட் கருவியான ‘மேக்’ இன்னும் சத்தமாகச் சொல்லும், கோப்பின் நேரம் எதிர்காலத்தில் இருக்கிறது, பில்ட் முழுமையடையாமல் இருக்கலாம் என்று எச்சரிக்கும். ‘ஃபைண்ட் . -நியூவர்எம்டி நவ்’ (-newermt) என்று தேடினால் எதிர்காலக் கோப்புகள் எல்லாம் வரிசையாக வரும். அவற்றை ‘டச்’ செய்துவிடுங்கள். நிரந்தரத் தீர்வுக்கு, விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ என்ற மதிப்பை 1 ஆக்கி விண்டோஸையும் யுடிசிக்குக் கொண்டுவாருங்கள்.

ஜிப் கோப்பிலும் இதே ஐந்தரை மணி வரும். ஜிப்பின் அடிப்படை நேரப் புலம் டொஸ் காலத்தது: உள்ளூர் நேரம், 2 செக்கன் நுணுக்கம், வலயம் எதுவும் இல்லை. யுடிசி நேரத்தைக் கூடுதலாக வைக்கும் பகுதி இல்லாத ஜிப்பை இங்கே கட்டி, யுடிசியில் ஓடும் சேர்வரில் விரித்தால் பிற்பகல் 2 மணிக் கோப்பு அங்கேயும் 14:00 ஆகும். அது நமக்கு இரவு 7:30. சேர்வருக்குக் கொண்டுபோக டார் அல்லது ‘கிட் ஆர்க்கைவ்’ பாவியுங்கள். பின்னது எல்லாக் கோப்புக்கும் கமிட்டின் நேரத்தையே இடும்.

ஸ்கிரிப்டில் ‘மாறியிருக்கிறது’ என்று பொய் சொன்னால்

பதிப்பு எண்ணோடு ‘டேர்ட்டி’ என்று ஒட்டுவதற்காகப் பலர் ‘கிட் டிஃப்-இன்டெக்ஸ் --குவையட் ஹெட்’ பாவிக்கிறார்கள். டொக்கர் இமேஜுக்குள் ரெப்போவைக் கொப்பி செய்து அங்கே இதை ஓட்டினால், ஒரு எழுத்துக்கூட மாறாத ரெப்போ ‘மாறியது’ என்று வரும். அந்தக் கட்டளை இன்டெக்ஸைப் புதுப்பிப்பதில்லை. கொப்பியில் ஐநோட்டும் சிடைமும் வேறு என்பதால் நேரே ‘மாறியது’ என்று சொல்லிவிடுகிறது. அதற்கு முன்வரியில் ‘கிட் அப்டேட்-இன்டெக்ஸ் -க்யூ --ரிஃப்ரெஷ்’ போடுங்கள். ‘கிட் ஸ்டேட்டஸ்’, ‘கிட் டிஸ்க்ரைப் --டேர்ட்டி’ இரண்டும் தாமே புதுப்பித்துக்கொள்ளும். அதனால்தான் கையால் ஸ்டேட்டஸ் பார்த்தவுடன் பிழை மாயமாக மறைந்து, ஆளைக் குழப்புகிறது.

எடிட்டர் பின்னணியில் ஸ்டேட்டஸ் ஓட்டி இன்டெக்ஸைப் பூட்டிக்கொள்வது தொல்லையாக இருந்தால், அந்த அழைப்புக்கு ‘--நோ-ஒப்ஷனல்-லொக்ஸ்’ கொடுங்கள்.

பில்ட், டிப்ளோய்

பிராஞ்ச் மாற்றும்போது, மாறும் கோப்புகளுக்கு கிட் அந்தக் கணத்தின் நேரத்தையே கொடுக்கிறது. பழைய கமிட்டின் நேரத்தைத் திருப்பித் தந்தால் என்ன என்ற கேள்வி அடிக்கடி வரும். தரக்கூடாது என்பதற்கு உறுதியான காரணம் இருக்கிறது. நேற்றைய பிராஞ்சில் பில்ட் செய்து ஒப்ஜெக்ட் கோப்புகள் (கம்பைல் செய்த விளைவுகள்) உருவாகிவிட்டன. போன மாதத்துப் பிராஞ்சுக்கு மாறினால், மூலக்கோப்பு போன மாத நேரத்தோடு வரும். ‘மேக்’ பார்க்கும்: ஒப்ஜெக்ட் மூலத்தைவிடப் புதியது, கம்பைல் தேவையில்லை. பிழையான பைனரி சத்தமில்லாமல் உருவாகும்.

ஆகவே கமிட் நேரத்தைக் கோப்புகளுக்கு இடும் வேலையை, பில்ட் எச்சம் எதுவும் இல்லாத புதுக் குளோனில் மட்டும் செய்யுங்கள். ஒரு கோப்புக்கு ‘கிட் லொக் -1 --ஃபோர்மட்=%சிடி -- கோப்பு’ தரும் எண்ணை எடுத்து, முன்னால் ‘@’ போட்டு ‘டச் -டி’க்குக் கொடுங்கள். (‘%சிடி’ என்பது ஆங்கிலத்தில் ‘%ct’.) ஆயிரக்கணக்கான கோப்புக்கு இப்படி ஒவ்வொன்றாக லொக் ஓட்டினால் வரலாறு ஆயிரம் தடவை படிக்கப்படும். ‘--நேம்-ஒன்லி’ சேர்த்து ஒரே தடவை லொக் எடுத்து, புதியதிலிருந்து பழையதுக்கு வரும்போது ஒவ்வொரு கோப்பும் முதன்முதலில் தென்படும் நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ‘--டெப்த் 1’ குளோனில் இந்த முறை பயன்படாது. அங்கே இருப்பது ஒரே கமிட், எல்லாக் கோப்புக்கும் அதே நேரம்தான் கிடைக்கும். கிட்ஹப் அக்ஷன்ஸின் செக்அவுட் இயல்பாகவே ஒரு கமிட்டைத்தான் எடுக்கிறது. முழு வரலாறு வேண்டுமென்றால் ‘ஃபெட்ச்-டெப்த்’ 0 என்று கொடுக்க வேண்டும்.

ஓட்டோடூல்ஸ் பாவிக்கும் திட்டங்களில் ‘கன்ஃபிகர்’ போன்ற உருவாக்கப்பட்ட கோப்புகளையும் கமிட் செய்திருந்தால், குளோனில் எது முன்னால் எழுதப்பட்டது என்பது தற்செயல். அதனால் சில கணினிகளில் ‘ஓட்டோமேக்’ இல்லை என்று பில்ட் விழும், சிலவற்றில் விழாது. உருவாக்கப்பட்டவற்றைக் கமிட் செய்யாதிருப்பது நல்லது. முடியாவிட்டால் மூலம் முன்னும் விளைவு பின்னுமாக வரிசையில் ‘டச்’ செய்யும் சிறு ஸ்கிரிப்டைச் சேர்த்துவையுங்கள். வரிகளுக்கிடையில் ஒரு செக்கன் விடுங்கள்.

மாறிய கோப்புகளை மட்டும் பிரதியெடுக்கும் ஆர்சிங்க் கொண்டு சேர்வருக்கு அனுப்புவோர் கவனிக்க வேண்டியது இரண்டு. சிஐயில் புதுக் குளோன் எடுத்தால் எல்லா எம்டைமும் புதிது, மாறாத கோப்பையும் ஆர்சிங்க் ஒவ்வொன்றாக ஆராயும். தாமதம் மட்டும்தான், பிழையில்லை. எதிர்ப்பக்கம்தான் பயங்கரம். மீளுருவாக்கத்துக்கு உகந்த பில்ட் வேண்டுமென்று எல்லாக் கோப்புக்கும் ஒரு நிலையான நேரத்தை, உதாரணமாக 1980 ஜனவரி 1ஐ, இடுகிறீர்கள் என்று வையுங்கள். பதிப்புக் கோப்பில் 1.4.2 என்பது 1.4.3 ஆகிறது. அளவு ஒன்று, நேரம் ஒன்று. ஆர்சிங்க் அதைத் தாண்டிப் போய்விடும். சேர்வரில் பழைய கோப்பே இருக்கும், லொக்கில் ஒரு எச்சரிக்கையும் வராது. ‘--செக்சம்’ கொடுங்கள், இருபக்கமும் முழுதாகப் படிக்கும். அல்லது ‘சோர்ஸ்_டேட்_ஈபொக்’ மாறிக்கு நிலையான எண்ணுக்குப் பதிலாகக் கமிட்டின் நேரத்தைக் கொடுங்கள். ஃபேட் வட்டுக்கு ஆர்சிங்க் செய்யும்போது ‘--மொடிஃபை-விண்டோ=1’ தேவை, இல்லாவிட்டால் மாறாத கோப்புகளையும் திரும்பத் திரும்ப அனுப்பும்.

சப்வேர்ஷன், மேர்க்கூரியல்

சப்வேர்ஷன் வேறு வழியில் போகிறது: பணிப்பிரதியை மாற்றும் வேலை முடிந்ததும், நேரமுத்திரை அடுத்த படிக்கு நகரும்வரை தூங்குகிறது. நூறு அப்டேட் ஓட்டும் ஸ்கிரிப்டில் இந்தத் தூக்கம் சேர்ந்து பெரிதாகத் தெரியும். அதை அணைக்கும் சூழல் மாறி ஒன்று உண்டு. ‘பழுதான பணிப்பிரதிகள் எனக்குப் பிடிக்கும், ஆகவே தூக்கத்தை நிறுத்து’ என்பதே அதன் நீண்ட ஆங்கிலப் பெயரின் பொருள். அந்தப் பெயரை எச்சரிக்கையாகவே எடுத்துக்கொள்ளுங்கள். தூக்கி எறியப்போகும் பிரதியில் மட்டும் பாவியுங்கள். ‘யூஸ்-கமிட்-டைம்ஸ்’ அமைப்பு கோப்புகளுக்குக் கமிட் நேரத்தை இடும். ‘மேக்’ பற்றி மேலே சொன்ன ஆபத்து அப்படியே இதற்கும் பொருந்தும்.

மேர்க்கூரியல், கோப்பின் நேரம் ‘இப்போது’ என்பதோடு மோதினால் நேரத்தையே பதியாமல் விட்டுவிடும், அடுத்த தடவை உள்ளடக்கத்தைப் படிக்கும். அதன் டேர்ஸ்டேட் (கிட்டின் இன்டெக்ஸ் போன்ற கோப்பு) பழைய வடிவத்தில் செக்கன் மட்டுமே வைத்தது. இரண்டாவது வடிவத்தில் நனோசெக்கனும் உண்டு.

சொந்தமாகக் கேஷ் எழுதுவோருக்கு

பில்ட் கேஷ், ஒத்திசைவுக் கருவி என்று நீங்களே எழுதினால், நேரத்தை மிதவைப் புள்ளி எண்ணாக வைக்க வேண்டாம். இன்றைய நேரத்தைச் செக்கனில் 64 பிட் மிதவையாக வைத்தால் அடுத்தடுத்த இரு எண்களுக்கிடையே சுமார் 238 நனோசெக்கன் இடைவெளி. பைதனில் ‘எஸ்டி_எம்டைம்’ இப்படிப்பட்டது, ‘எஸ்டி_எம்டைம்_என்எஸ்’ முழு எண் தரும். நோடில் ‘பிக்இன்ட்’ தெரிவைக் கொடுத்து ‘எம்டைம்என்எஸ்’ எடுங்கள். ஜேசனில் எழுதும்போது எண்ணாக எழுதாமல் சரமாக எழுதுங்கள். 19 இலக்க எண் ஜாவாஸ்கிரிப்டின் 2இன் 53ஆம் அடுக்கைத் தாண்டிவிடும், கடைசி இலக்கங்கள் உருண்டுபோகும்.

ஒப்பிடும்போது ‘புதியதா’ என்று கேட்காமல் ‘வேறா’ என்று கேளுங்கள். பேக்கப்பிலிருந்து மீட்ட கோப்பு பழைய நேரத்தோடு வரும். ‘புதியதா’ என்று கேட்கும் கருவி அதைக் கவனிக்காது.

கேஷை எழுதும்போது, கணினிக் கடிகாரத்தைக் கேட்காமல் அதே வட்டில் ஒரு தற்காலிகக் கோப்பை உருவாக்கி அதன் எம்டைமைப் படியுங்கள். வலையமைப்பு வட்டில் சேர்வரின் கடிகாரமும் உங்களுடையதும் வேறாக இருக்கும், கோப்புக்கு நேரமிடுவது பெரும்பாலும் சேர்வர். அந்த நேரத்திலிருந்து வட்டின் ஒரு படியைக் கழியுங்கள் (ஃபேட் சாத்தியம் என்றால் 2 செக்கன்). அதற்குச் சமமான அல்லது பிந்திய எம்டைம் உள்ள எந்தக் கோப்புக்கும் நேரத்தைப் பதியாமல் ‘தெரியாது’ என்று எழுதுங்கள். கோப்பைப் படிப்பதற்கு முன்னும் பின்னும் ‘ஸ்டாட்’ எடுத்து, இரண்டும் ஒத்துப்போனால் மட்டும் ஹாஷைச் சேமியுங்கள்.

இவற்றுக்கான டெஸ்ட் எழுதும்போது ‘ஸ்லீப் 1’ போட்டுத் தப்பிக்க வேண்டாம். சுமை கூடிய சிஐ இயந்திரத்தில் அது ஒருநாள் போதாது. அதே அளவுள்ள இரண்டு உள்ளடக்கங்களை எழுதி, ‘டச் -டி’ கொண்டு இரண்டுக்கும் ஒரே எம்டைமை வலிந்து இட்டு, கேஷ் எழுதப்பட்ட நேரத்தையும் அதற்கே சமமாக்கி, கருவி உள்ளடக்கத்தைப் படிக்கிறதா என்று பாருங்கள். பிறகு எம்டைமை ஒரு நாள் எதிர்காலத்துக்குத் தள்ளி இன்னொரு தடவை ஓட்டுங்கள்.